ஜோர்ஜ் வேயாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

பெரிய விளையாட்டு வீரர் ஒருத்தர் தேர்தலில் நிக்கப்போறார் எண்டால் உடனே ரெண்டு குரல் கேட்கும். ஒண்டு, "இவருக்கு என்ன படிப்பு இருக்கு?" மற்றது, "எங்கட ஆள், வரட்டும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்." கிரிக்கெட் வீரர்கள் பாராளுமன்றம் வரைக்கும் போன எங்கட நாட்டிலும் இது புதுக்கதை இல்லை. இந்த ரெண்டு குரலுமே பிழையான இடத்தைத்தான் பார்க்கின்றன எண்டு நான் நினைக்கிறன். அதைச் சொல்ல லைபீரியாவின் ஜோர்ஜ் வேயாவை விடப் பொருத்தமான ஆள் இல்லை.

மொன்றோவியா நகரத்தில் கிளாரா ரவுண் எண்ட சேரிப்பகுதியில், 1966இல் பிறந்தவர் வேயா. வளர்த்தது அப்பம்மா. லைபீரியாவில் விளையாடி, அங்கிருந்து கமரூன் கழகம் ஒன்றுக்குப் போனார். அப்போது கமரூன் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்த குளோட் லெ றுவா இவரைப்பற்றி ஆர்சன் வெங்கருக்குச் சொல்ல, 1988இல் வெங்கர் அவரை மொனாக்கோவுக்குக் கூப்பிட்டார். பிறகு பாரிஸ் சென் ஜெர்மன், அதுக்குப் பிறகு ஏசி மிலான். 1995இல் பலோன் டி'ஓர் விருதும், ஃபிஃபாவின் சிறந்த வீரர் விருதும் ஒரே ஆண்டில் அவருக்குக் கிடைத்தன. ஐரோப்பியர் அல்லாத வீரர்களுக்கும் பலோன் டி'ஓர் கொடுக்கலாம் எண்டு விதியை மாற்றிய முதல் வருசமே அதுதான். கதவு திறந்த உடனேயே உள்ளே போனவர் வேயா. ஆனால் அவருக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் வேறு எந்த ஆபிரிக்க ஆண் வீரரும் அந்த விருதை வாங்கவில்லை. 1996இல் வெரோனாவுக்கு எதிராகத் தன் பக்கத்துப் பெனால்ட்டி பெட்டியில் பந்தை எடுத்து, மைதானம் முழுக்க ஓடிப்போய் அடித்த கோலை யூரியூப்பில் ஒருக்கா பாருங்கோ. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அந்தக் கோலை விட முக்கியமாகத் தெரிவது அவர் தேசிய அணிக்குச் செய்தது. அவர் மொனாக்கோ போய் அடுத்த வருசமே லைபீரியாவில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. நடுவில் கொஞ்சக் காலம் ஓய்ந்து, திரும்பவும் மூண்டு, 2003 வரைக்கும் நடந்தது. இறந்தவர்கள் சுமார் 250,000 பேர் எண்டு சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட நாட்டில் உதைபந்தாட்ட அணிக்கு யார் காசு கொடுப்பார்கள்? வேயா கொடுத்தார். விமானச் சீட்டும் சீருடையும் அவருடைய காசில் வந்தன. அவரே அணித்தலைவர், பிறகு அவரே பயிற்றுவிப்பாளர். அந்த அணி 2002 உலகக் கிண்ணத்துக்குப் போவதற்கு ஒரே ஒரு புள்ளிதான் குறைந்தது. நைஜீரியா 16, லைபீரியா 15. உலகத்தின் சிறந்த வீரர் ஒரு உலகக் கிண்ணத்திலும் விளையாடாமலேயே ஓய்வு பெற்றார்.

அந்தக் காலத்தில் அவர் சும்மா இருக்கவும் இல்லை. நாட்டில் அமைதியைக் கொண்டுவர ஐக்கிய நாடுகள் சபை தலையிட்டுப் பொறுப்பை எடுக்க வேணும் எண்டு 1996இல் வெளிப்படையாகச் சொன்னார். அதுக்குப் பிறகு மொன்றோவியாவில் இருந்த அவருடைய வீட்டை ஆயுததாரிகள் எரித்தார்கள். ஆக, போர் எண்டால் என்ன எண்டு தூரத்தில் இருந்து மட்டும் பார்த்தவர் இல்லை அவர்.

போர் முடிந்து 2005இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வேயா நின்றார். எதிரில் எலன் ஜோன்சன் சேர்லீஃப், ஹார்வர்ட்டில் படித்தவர், உலக வங்கியில் வேலை செய்தவர். முதல் சுற்றில் வேயாதான் முன்னுக்கு. அப்போது எழுந்த பெரிய கேள்வி, பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர் நாட்டை எப்படி ஆள்வார் எண்டது. இரண்டாம் சுற்றில் தோற்றார். பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் படித்துப் பட்டம் எடுத்தார். 2011இல் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று அதிலும் தோல்வி. 2014இல் சேர்லீஃபின் மகனையே தோற்கடித்து செனட்டர் ஆனார். 2017இல் 61 வீதத்துக்கு மேல் வாக்கு எடுத்து ஜனாதிபதி. சேரியில் பிறந்த பெடியன் ஜனாதிபதி மாளிகைக்குப் போவதைப் பார்த்து இளம் ஆக்கள் தெருவில் ஆடினார்கள். ஆடத்தான் வேணும், அதில் பிழையே இல்லை.

ஆனால் 12 வருசமாகப் படிப்பைப் பற்றியே கதைத்த நேரத்தில், இவர் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெல்லப் பார்க்கிறார் எண்ட கேள்வி சத்தமாகக் கேட்கப்படவில்லை. 2017இல் அவருடைய துணை ஜனாதிபதி வேட்பாளர் ஜுவெல் ஹவார்ட் டெய்லர், போர்த்தலைவர் சார்ள்ஸ் டெய்லரின் முன்னாள் மனைவி. இரண்டாம் சுற்றில் ஆதரவு கொடுத்தவர்களில் இன்னொரு முன்னாள் போர்த்தலைவர் பிரின்ஸ் ஜோன்சனும் ஒருவர். அவர்களுக்குத் தங்கட தங்கட மாவட்டங்களில் வாக்கு இருந்தது, வேயாவுக்கு அந்த வாக்கு தேவைப்பட்டது. கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கின் விலையை வேறு ஆக்கள்தான் கட்டினார்கள். போர்க்குற்றங்களை விசாரிக்க ஒரு நீதிமன்றம் வேணும் எண்டு லைபீரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2009இலேயே சொல்லிவிட்டது. 2019இல் வேயா அதுபற்றிச் சட்டவாக்க சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதோடு சரி, அவருடைய ஆட்சி முடியும்வரை நீதிமன்றம் வரவில்லை. சார்ள்ஸ் டெய்லருக்குக் கிடைத்த 50 வருசத் தண்டனையும் அயல்நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்கானது. சொந்த நாட்டில் செத்த சனத்துக்காக அவர் ஒரு நாளும் கூண்டில் ஏறவில்லை. ஆணைக்குழு, பரிந்துரை, கடிதம், பிறகு மௌனம். போர் முடிந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு இந்த வரிசையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"அதுக்கு வேயாவை மட்டும் குறை சொல்லலாமோ?" எண்டு நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹார்வர்ட் படித்த சேர்லீஃபும் தன் 12 வருச ஆட்சியில் அந்த நீதிமன்றத்தை அமைக்கவில்லை. அதே ஆணைக்குழு, ஆரம்பத்தில் டெய்லரை ஆதரித்ததற்காக அவரும் பதவி வகிக்கக்கூடாது எண்டு பரிந்துரைத்திருந்தது. நான் சொல்ல வாறதும் இதைத்தான். படித்தவரும் செய்யவில்லை, படிக்காதவர் எண்டு நக்கல் அடிக்கப்பட்டவரும் செய்யவில்லை. அப்ப சான்றிதழில் என்ன இருக்கு?

வேயாவின் ஆட்சியில் நல்லது ஒண்டும் நடக்கவில்லை எண்டும் சொல்ல ஏலாது. அரச பல்கலைக்கழகங்களில் இளங்கலை மாணவர்களின் கட்டணத்தை 2018இல் நீக்கினார். ஆனால் விலைவாசியும் ஊழலும் 2019இல் ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 2022இல் அவருடைய அலுவலகப் பிரதானி உட்பட மூன்று அதிகாரிகளுக்கு ஊழலுக்காக அமெரிக்கா தடை போட்டது. அதே வருசக் கடைசியில் ஜனாதிபதி ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தார். அதில் கட்டாரும் அடக்கம், அங்கே மகன் திமோதி உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்காகக் கோல் அடித்தார். ஒரு தகப்பனாக அந்தச் சந்தோசம் எனக்கு விளங்குது. அரிசி விலையைப் பார்த்துக்கொண்டு இருந்த லைபீரியரின் கோபமும் விளங்குது.

2023 நவம்பரில் சுமார் 20,000 வாக்குகளால் ஜோசப் போகாயிடம் தோற்றார். முழு எண்ணிக்கை முடிய முதலே தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவருக்கு வாழ்த்தும் சொன்னார். இதைச் சின்ன விசயம் எண்டு நினைக்காதீங்கோ. லைபீரியாவில் 1980இல் ஜனாதிபதி டோல்பேர்ட் கொல்லப்பட்டார், அவரைக் கவிழ்த்து வந்த டோ 1990இல் கொல்லப்பட்டார், 2003இல் டெய்லர் நாட்டை விட்டு ஓடினார். அந்த வரிசையில் வந்த ஒருத்தர் தொலைபேசியை எடுத்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனது பெரிய காரியம். அதுக்கு என்ர முழு மரியாதையும் உண்டு.

அதுக்காக மற்றக் கேள்வியை விடவும் ஏலாது. போகாயும் 2023இல் அதே பிரின்ஸ் ஜோன்சனின் ஆதரவோடுதான் வென்றார். ஆனாலும் 2024இல் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கான அலுவலகத்தை அமைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பாதிக்கப்பட்டவர்களும் செயற்பாட்டாளர்களும் வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் அந்தக் கையெழுத்தை வரவைத்தது.

எங்களுக்குப் பிடித்த வீரர் ஒருத்தர் நாளைக்கு வாக்குக் கேட்டு வரலாம். படம் எடுப்பம், கையெழுத்தும் வாங்குவம். ஆனால் அவர் பெயருக்கு நேரே புள்ளடி போட முதல், மேடையில் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் யார், செத்த சனத்துக்கு அவர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் எண்டு கேட்டுப்போட்டுப் போடுவம்.