குண்டுக்கும் எல்லை உண்டு

பதுளைக்கு அண்மையில், தியத்தலாவையில், 1900இல் அடைக்கப்பட்ட போயர் வீரர்கள் போர்க்களத்தில் ஏந்திய மவுசர் துப்பாக்கி, ஐந்து தோட்டாக்களை ஒருங்கே ஏற்றவல்லது. களத்தில் அதைப் பட்டறிந்த பிரித்தானியர் பின்னர்த் தம் துப்பாக்கியையும் அவ்வாறே திருத்தினர். நியாயமே! உயிரைப் பணயம் வைப்பவன் சொல்லை அரசு மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால், "குண்டு ஆளை வீழ்த்தவில்லை" என்னும் குறை வேறு. 1895இல் சித்ராலில் போரிட்ட படையினர் அவ்வாறு முறையிட்டனர். கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலை, உடலுள் விரிந்து சிதைக்கும் குண்டைச் செய்தளித்தது. 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைத் தடைசெய்தது.

அத்தடையோ நாடுகளுக்கிடையிலான போருக்கே உரியது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்கு இரையான தொழிலாளி கோவிந்தனைக் காக்க எந்த மாநாடு கூடிற்று? கருவியின் தரத்தை வீரன் சொல்லட்டும். அதன் எல்லையை மக்களே வகுக்கவேண்டும்!