ஒக்கியம் மடுவும் ஒரு கணித உண்மையும்

தமிழ் மாணாக்கர்க்குக் கணிதர் கூற்றில் யாது வேலை என வினவுவோர் உளர். கார்த்திகை மழையில் முழங்கால் நீரிற் புத்தகத்தைத் தலைமேற் சுமந்து கல்லூரிக்கு வருவோர்க்கு அவ்வினா எழாது.

தாம்பரத்தின் கிழக்கே சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகள் நிரம்பின், அவற்றின் கலங்கல் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகின்றது. பிற திசை நீரும் அங்கேயே கூடும். அத்துணை நீரும் பெரும்பாலும் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயிற் கலந்து, முட்டுக்காட்டிற் கடல் சேர வேண்டும்.

போர்டு, பல்கர்சன் என்னும் அமெரிக்கக் கணிதர் இருவர் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் உண்மையை நிறுவினர். வலைபோற் பிரிந்தும் கூடியும் செல்லும் வழிகளை, தொடக்கமும் முடிவும் தொடர்பறுமாறு வெட்டுவதாகக் கொள்க. வெட்டும் வகை பல. அவற்றுள் வெட்டுண்ட வழிகளின் கொள்ளளவுத் தொகை எதனில் மிகக் குறைவோ, அத்தொகையே அவ்வலையிற் செல்லத்தக்க பேரளவு. காணும் முறையையும் அவர்களே வகுத்தனர். இடமுள்ள வழியொன்றைத் தேடிக் கொள்ளுமளவு செலுத்துக, மீண்டும் தேடுக, முன்னர்ப் பிழைபடச் செலுத்தியதைத் திருப்பிக்கொள்ளவும் இடமுண்டு. (மெய்யான வெள்ளத்திற்கு இச்சலுகை இல்லை.) வழி அற்றவிடத்து இடுக்கு தானே வெளிப்படும்.

ஆகவே இடுக்கு கடலோரத்தில் இருக்க, மேலே எத்தெரு வடிகாலை அகலப்படுத்தினும் கடல் சேரும் நீர் ஒரு துளியும் மிகாது. வெள்ளம் பள்ளிக்கரணையை விரைந்து எய்தும், அவ்வளவே. 2015, 2023 டிசம்பர் மாதங்களில் அப்பக்கத்தார் பட்ட பாட்டை யாவரும் அறிவர். எம் வகுப்புத் தோழர் ஒருவரின் குடும்பம் மூன்று நாள் மொட்டைமாடியிற் கழித்தது. எனினும் ஆண்டுதோறும் நாம் எழுதும் மனு நம் தெருவைப் பற்றியதே. யாமும் அத்தகைய மனுவொன்றில் ஒப்பமிட்டோம், மறைப்பானேன்?

ஏரி குழாயன்று, நீரைத் தேக்கவல்லது. அக்கணிதமோ தேங்குதலை அறியாது என்பர் சிலர். மெய்யே. ஆயின் அது எம் கூற்றுக்கே வலி சேர்க்கின்றது. மடுவு விடுமளவினும் மிகுந்து வரும் நீர் எங்கேனும் காத்திருத்தல் வேண்டும். ஏரியையும் சதுப்பையும் மனையாக்கினால் அது நம் வீட்டுக் கூடத்திற் காத்திருக்கும்.

மடுவு, அதற்கப்பாலுள்ள கால்வாய் இவற்றுள் எது குறுகியது என முதலில் அளந்து, அவ்வளவை ஊரார் அறிய வெளியிடுக. அடுத்த மனுவில் நம் தெருப்பெயர்க்கு முன் இக்கோரிக்கையை எழுதுவோம். ஒப்பமிட விழைவோர் தமிழ்த்துறை வாயிலில் எம்மைக் காண்க.