ஏழரைச் சனியும் கழட்டி வெச்ச கவரும்



போன சனிக்கிழமை பீடோரில் நம்ம கோவில் கவுண்டரில் அர்ச்சனை சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கையில் கட்டோடு ஒரு தம்பி, கூட அவன் அம்மா. வேலையிடத்தில் மெஷினில் விரல் நசுங்கிவிட்டதாம். "ஏழரைச் சனிங்கண்ணே, இவன் நேரம் சரியில்ல" என்றார் அம்மா. எள் தீபத்துக்குச் சீட்டுக் கொடுத்தேன். ஆனா மனசு கேக்கல. "மெஷின்ல கவர் இருந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். "வேலை சீக்கிரம் முடியணும்னு கழட்டி வெச்சிருந்தாங்க" என்றான்.

இதுக்கு சனீஸ்வரன் என்ன செய்வார்?

சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருஷம் இருப்பார். நம்ம ராசிக்கு முந்தின ராசி, நம்ம ராசி, அடுத்த ராசி மூன்றும் சேர்ந்தால் ஏழரை. ஆக, எப்பவுமே 12 ராசியில் 3 ராசிக்கு ஏழரைதான். நாலில் ஒருத்தருக்குன்னு வெச்சுக்குங்க. என் செக்‌ஷனில் 40 பேர். பத்துப் பேருக்கு விரலா போகுது? கவர் இல்லாத மெஷினில் கை வெச்சவனுக்குத்தான் போகும்.

தோட்டத்தில் 'தலையெழுத்து' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான். சம்பளம் குறைந்தாலும் தலையெழுத்து, லயத்துக்குத் தண்ணி வரலன்னாலும் தலையெழுத்து. கேள்வி கேட்க வேண்டிய வாயை அந்தச் சொல் அடைச்சிடுச்சு. சூப்பர்வைசர் ஆன புதுசில் நானும் அடிபட்டவன் வீட்டில் "விதிம்மா" என்று சொல்லிட்டு வந்தவன்தான். இன்னிக்கும் உறுத்துது.

இது நம்ம சனத்துக்கு மட்டும் உள்ளதல்ல. யூதர்கள் கல்யாணத்தில் வாழ்த்தும் 'மஸல் தோவ்' என்பதில் உள்ள 'மஸல்' என்ற சொல்லுக்கும் நட்சத்திரக் கூட்டம் என்றுதான் பழைய அர்த்தம். ஆனா, தங்கள் மக்களை நட்சத்திரம் ஆளாது என்ற பேச்சும் அவர்கள் தல்மூத் நூலிலேயே இருக்கு. நம்ம வள்ளுவரும் அப்படித்தான். ஊழுக்கு 38-ஆம் அதிகாரம் கொடுத்தார். 62-ஆம் அதிகாரத்தில், சோராமல் உழைப்பவன் ஊழையே புறங்காண்பான் என்றும் சொல்லிட்டார்.

விதி இல்லைன்னு நான் சொல்லல. மாத்த முடியாத துக்கத்துக்கு அது ஒரு ஆறுதல். மாத்தக்கூடிய தப்பை மூடி மறைக்க அதை இழுக்காதீங்க.

தீபம் ஏத்துங்க, மனசாரக் கும்பிடுங்க. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் கவரை மாட்டச் சொல்லுங்க. அடிபட்டிருந்தா சொக்சோவுக்கு எழுதியாச்சான்னு கேளுங்க. கேக்கத் தயக்கமா இருந்தா கவுண்டருக்கு வாங்க, பாரம் நிரப்ப நான் உதவி செய்றேன்.