வால்வு யார் கையில்?



இந்த வாரம் சம்பளப் பேச்சும் இல்லை, போனஸ் பேச்சும் இல்லை. தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறோம். "தண்ணியில பேசறதுக்கு என்ன இருக்கு? பைப்பத் தொறந்தா வருது" என்று இளைய பிள்ளைகள் கேட்கலாம். லயத்துக் கோடியில் ஒரே பைப்படியில் பத்துக் குடும்பம் வாளியும் குடமுமாக வரிசை பிடித்து நின்றதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இப்போது கடைகளில் 'ஸ்மார்ட் வால்வு' என்று ஒரு பொருள் விற்கிறது. குழாயில் மாட்டிவிட்டால், இருந்த இடத்திலிருந்தே கைபேசி வழியாகத் தண்ணீரைத் திறக்கலாம், அடைக்கலாம். இதைப் பற்றி நம்மிடம் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. தோட்டத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்குப் போனவர்கள், "நம்ம வீட்டுக்கு வாங்கலாமா?" என்கிறார்கள். இன்னும் லயத்தில் இருப்பவர்கள், "ஆபீசுல இத நம்ம லயத்துக்கு மாட்டப் போறாங்களாம், விடலாமா?" என்கிறார்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்வோம். இதில் மந்திரம் மாயம் எதுவும் இல்லை. வால்வுக்குள்ளே துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. துளை குழாயின் போக்கில் இருந்தால் தண்ணீர் ஓடும். கால் வட்டம் திருப்பினால் துளை குறுக்கே போய்த் தண்ணீர் நின்றுவிடும். கையால் திருப்பினால் சாதாரண வால்வு. சிறிய மோட்டார் ஒன்று திருப்பினால் ஸ்மார்ட் வால்வு. மோட்டாருக்குக் கட்டளை கைபேசியிலிருந்து வரலாம். குறித்து வைத்த நேரப்படி வரலாம். தரையில் வைத்திருக்கும் சின்னக் கருவியிலிருந்தும் வரலாம். அந்தக் கருவியின் அடியில் இரண்டு உலோக முனைகள் உண்டு. தரையில் பரவும் தண்ணீர் இரண்டையும் தொட்டவுடன் 'ஒழுகுது' என்று செய்தி போகும். வால்வு தானே அடைபடும்.

வீட்டுக்கு இது உதவுமா? உதவும். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனது. கணவன், மனைவி இருவருக்கும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஒரு நாள் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் குளியலறை இணைப்புக் குழாய் வெடித்துப் பகல் முழுதும் தண்ணீர் ஓடியது. மெத்தை போனது, அலமாரி போனது. கீழ்வீட்டுக் கூரையும் நனைந்து, சண்டையும் வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் இப்படி ஒரு வால்வு இருந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரோடு முடிந்திருக்கும்.

கொல்லைக்கும் இது உதவும். நம் பெண்கள் கைப்பிடி மண் கிடைத்தாலும் மிளகாய், கத்தரி, கீரை என்று நட்டு விடுவார்கள். ரப்பர் குழாயைச் செடிக்குப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் மறந்துபோவதும் உண்டு. நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால், ஒரு மணி நேரத்தில் 900 லிட்டர். அது 400 லிட்டர் தொட்டி இரண்டைக் காலி செய்துவிடும். குழாய் வாயில் திருகி மாட்டும் நேர வால்வு, காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் விட்டுத் தானே அடைத்துக்கொள்ளும்.

ஆனால் கடைக்காரர் சொல்லாத சிலவற்றை நாம் சொல்ல வேண்டியிருக்கிறது. இருக்கிற வால்வின் மேலேயே மாட்டித் திருப்பும் வகை, நீட்டுக் கைப்பிடி உள்ள வால்வுக்குத்தான் பொருந்தும். பழைய வீடுகளில் இருக்கும் வட்டச் சக்கர வால்வுக்குப் பொருந்தாது. குழாயை வெட்டித்தான் மாற்ற வேண்டும். அடுத்தது தண்ணீரின் வேகம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். கூரைக்கடியில் 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி கொடுப்பது 0.3 பார்தான். உள்ளே ரப்பர்த் தகடு வைத்த மின்காந்த வால்வுகளில் பல, இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யா. தொட்டித் தண்ணீருக்கு மோட்டார் திருப்பும் வகையே நல்லது. மூன்றாவது, பேட்டரி. திறந்திருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் சில வகைகள் திறந்தபடியே நின்றுவிடும். ஆகவே கையாலும் திருப்ப வசதி உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

காசு செலவழிக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் மீட்டர் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சில்லறைக் காசு வாஷர் மாற்றித் தீரும் ஒழுகலுக்கு ஸ்மார்ட் வால்வு எதற்கு?

சரி, இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

அண்மையில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். லயத்துக்குப் போகும் பெரிய குழாயில் இந்த வால்வை மாட்டி, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் 4 முதல் 6 வரை தண்ணீர் விடுவது என்று நிர்வாகம் திட்டம் வைத்திருந்தது. "தண்ணீர் வீணாகிறது, பில் ஏறுகிறது" என்று காரணம் சொன்னார்கள். தண்ணீர் வீணாவது பொய்யல்ல. நாடு முழுவதிலுமே சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணக் கணக்குக்கு வராமலே போகிறது. பழைய குழாய்களின் ஒழுகல் அதற்கு ஒரு பெரிய காரணம். அந்தத் தோட்டத்திலும் பாட்டன் காலத்துக் குழாய்தான் மண்ணுக்கடியில் கிடக்கிறது. ஓட்டை குழாயில் இருக்கும்போது பூட்டை மக்கள் வாயில் போடுவது என்ன நியாயம்?

நாம் தோட்டப் பள்ளியில் படித்த காலத்திலும் தண்ணீருக்கு நேரம் உண்டு. சைக்கிளில் ஒரு அண்ணன் வருவார். நீண்ட இரும்புச் சாவியை மண்ணுக்குள் விட்டுத் திருப்புவார், தண்ணீர் நின்றுவிடும். நம் தாயார் லயத்து வாசலிலிருந்து, "அண்ணே, இன்னும் அஞ்சு நிமிசம்ண்ணே! புள்ளைக்கு இன்னும் தண்ணி ஊத்தல" என்று குரல் கொடுப்பார். அவர் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு சுருட்டுப் பற்றவைப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் குளித்து முடித்திருக்கிறோம். அது நல்ல ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடைப்பவருக்கு ஒரு முகம் இருந்தது. கேட்பதற்குக் காது இருந்தது. ஆபீசிலிருந்து கைபேசியில் அடைக்கும் வால்வுக்கு அந்தக் காது உண்டா? நாற்று மேட்டிலிருந்து ஆறரைக்குத் திரும்பும் பெண், காய்ந்த பைப்பிடம் யாரைக் கூப்பிடுவாள்?

இது தயவு தாட்சண்யம் அல்ல, சட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தான் குடியமர்த்திய தொழிலாளர்களுக்கு இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டிய கடமையை முதலாளிமேல் சுமத்துகிறது. 'போதிய அளவு' என்பதைக் கைபேசியில் தட்டித் தீர்மானிக்க முடியாது. அதுமட்டுமல்ல, நேரம் வைத்துத் தண்ணீர் விட்டால் வீட்டுக்கு வீடு டிரம்மில் பிடித்து வைப்பார்கள். மூடாத டிரம்மில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பறக்கும். மிச்சம் பிடித்த பில்லை விட டிங்கிக் காய்ச்சலின் விலை அதிகம் அல்லவா?

ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நான்கு காரியம் கேட்கிறோம். முதலில் பழைய குழாயை மாற்றுங்கள். வால்வு வைப்பதானால், குழாய் வெடித்தால் அடைப்பதற்கு வையுங்கள். ரேஷன் போடுவதற்கு வைக்காதீர்கள். பழுது பார்க்க அடைக்க வேண்டியிருந்தால் முதல் நாளே பெரட்டில் சொல்லி, எழுதியும் ஒட்டுங்கள். கையால் திறக்கும் சாவி ஒன்று லயத்திலேயே, தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் இருக்கட்டும். தீ பிடித்தால் இணையம் வரும்வரை காத்திருக்க முடியுமா?

நம் பக்கத்திலும் கடமை உண்டு. சொட்டுகிற குழாயைப் பார்த்தும் பாராததுபோல் போகாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கிராணியாரிடம் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தொழிலாளர் இலாகாவில் நிற்கும்போது அந்தத் தாள்தான் பேசும். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பிகளையும் இந்தோனேசியக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே குழாய்தான் அவர்களுக்கும்; அடைத்தால் அவர்கள் பானையும் காயும்.

மேலே சொன்ன தோட்டத்தில் பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் உட்காருகிறோம். உங்கள் தோட்டத்திலும் பெரிய குழாயருகே புதுப் பெட்டி ஒன்று மாட்ட ஆள் வந்தால், மாட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். "இது எதுக்கு? திறக்கிறது யாரு?" என்று அன்றைக்கே கேளுங்கள். கேட்டுவிட்டுச் சங்கத்துக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்புங்கள்.