85 வயசு பாட்டிக்கு ஸ்ட்ரோக்: செலவு பண்ணலாமா, வேண்டாமா?



நீங்க பெங்களூருல வேலையில இருக்கீங்க. இண்டூர்ல இருந்து போன்: "பாட்டிக்கு வாய் கோணிடுச்சு, ஒரு கை தூக்க முடியல." பக்கத்துலயே ஒரு குரல்: "வயசாயிடுச்சு, இதுக்கு மேல எதுக்குப்பா செலவு?"

என் கருத்து: வயசை மட்டும் வச்சு முடிவெடுக்கக் கூடாது.

மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சா, தொடை வழியா மெல்லிய குழாய் விட்டு அதை எடுக்கறாங்க. இதுதான் த்ரோம்பெக்டமி. 5 ஆய்வுகள்ல இருந்த 1,287 பேரோட விவரத்தை 2016-ல சேர்த்துப் பார்த்தப்போ, 80 தாண்டினவங்களுக்கும் பலன் தெரிஞ்சது. அதே சமயம், அந்த வயசுல உயிரிழப்பு அதிகம். பழையபடி நடமாடறவங்க குறைவு. ஏற்கெனவே படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு கணக்கே வேற. அதனால கேட்க வேண்டிய கேள்வி "வயசு என்ன?" இல்ல, "நேத்து வரைக்கும் எப்படி இருந்தாங்க?"

அடுத்தது நேரம். கட்டியைக் கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம். கட்டியை எடுக்க பொதுவா 6 மணி நேரம். ஸ்கேன் பார்த்து சிலருக்கு 24 மணி நேரம் வரை. இண்டூர்ல இருந்து தர்மபுரி, தேவைப்பட்டா அங்கிருந்து சேலமோ பெங்களூரோ போகணும். இதுக்கு நடுவுல "யார்கிட்ட பணம் புரட்டலாம்"னு போன் போட்டுட்டு இருந்தா, போறது பாட்டியோட மூளை.

அதனால இந்த வாரமே மூணு வேலை முடிங்க:

1. ஆபீஸ் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்க பல கம்பெனிகள் விடும்; தாத்தா பாட்டிக்கு பெரும்பாலும் கிடையாது. பாலிசியைப் படிச்சுப் பாருங்க.

2. 70 தாண்டினவங்களுக்கு வருமானம் பார்க்காம வருஷம் 5 லட்சம் வரைக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024 அக்டோபர்ல விரிவாக்கினாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கு. கார்டு வாங்கறதோட நிறுத்தாதீங்க. எந்த ஆஸ்பத்திரியில இந்த சிகிச்சை பண்றாங்க, அங்க கார்டு செல்லுமான்னு இப்பவே கேட்டு வைங்க.

3. எமர்ஜென்சி ஃபண்டுல ஒரு பகுதியை உடனே எடுக்கற மாதிரி வைங்க. பெரும்பாலான மியூச்சுவல் ஃபண்ட் பணம் அன்னைக்கே கைக்கு வராது.

கடைசியா, பணத்தை விட முக்கியமானது: பாட்டிகிட்டயே கேளுங்க. "இப்படி ஒண்ணு வந்தா என்ன பண்ணட்டும் பாட்டி?" ஸ்ட்ரோக் வந்த பிறகு அவங்களால பேச முடியாம போகலாம். அவங்க சொன்னதை வீட்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க. அப்புறம் 108-க்கு போன் போட யாரும் தயங்க மாட்டாங்க.