குழந்தை ஜீவனாம்சம் பிச்சையா?

புருஷனும் பெண்ஜாதியும் பிரிந்துவிட்டால் குழந்தைக்குச் சோறு போடுவது யார் என்கின்ற கேள்வி அன்றைக்கே பிறந்துவிடுகின்றது. நம் மக்களோ அதற்குப் பதில் தேடுவதில்லை. “அவனிடத்திலா போய்க் கையேந்துவது?” என்று தாய் வீட்டார் மானம் பேசுகின்றார்கள். “என்னை விட்டுப் போனவளுக்கு நான் ஏன் அழவேண்டும்?” என்று தகப்பன் வீறாப்புப் பேசுகின்றான். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்களோ, “எல்லாம் தலைவிதி” என்று எழுந்து போகின்றார்கள். அந்தத் தலைவிதியா குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுக்கப் போகின்றது?

ஜீவனாம்சமென்பது பிச்சையுமல்ல, தருமமுமல்ல. அது குழந்தையின் பாத்தியதை. கலியாணத்துக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தைக்குங்கூட அது உண்டு என்பதே சட்டம். 1898-ம் வருஷத்துச் சட்டத்தில் மாதம் 50 ரூபாய்க்குமேல் கேட்க வழியில்லை. பின்னால் 500 ரூபாய் வரை உயர்ந்த அந்த வரம்பும் 2001-ல் எடுபட்டுப் போயிற்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144-வது பிரிவில் இந்த உரிமை இருந்து வருகின்றது.

நிற்க, விசாரணைக்குப் போகின்றவர்கள் அறியவேண்டியது யாதெனில், கோர்ட்டார் முதலாவதாகப் பார்ப்பது யார் யாரைத் திட்டினார்கள் என்பதையல்ல. குழந்தைக்கு என்ன செலவு, பெற்றவர்களுக்கு என்ன வரும்படி என்பதையேயாகும். 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார், இரு தரப்பாரும் தங்கள் வரும்படி, சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டுமென்றும், மனுக் கொடுத்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கொடுபடவேண்டுமென்றும் தீர்ப்புச் சொன்னார்கள். ஆகவே பிறப்புச் சான்று, பள்ளிக்கூட ரசீது, வைத்தியச் செலவுச் சீட்டு, பாங்கிக் கணக்கு இவைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு போங்கள். பத்து வாய்தா அழுகையைவிட ஒரு ரசீது அதிகம் பேசும்.

வழக்கு முடியும்வரை குழந்தை பட்டினி கிடக்கவேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்; எதிரிக்கு நோட்டீசு சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடுமானவரை அது முடிவாகவேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் வரும்படிக் கணக்குப் பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீசு வாங்காமல் ஒளிந்தால் வழக்கு நின்றுவிடாது. உங்களைக் கேளாமலே உத்தரவாகிவிடும். தக்க காரணம் காட்டி அதை மாற்றக் கேட்பதற்கும் 3 மாதமே தவணை. வேலையில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. உடம்பில் வலுவுள்ளவன் கூலிவேலை செய்தாவது காப்பாற்றவேண்டுமென்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டார் சொல்லியிருக்கின்றார்கள். பாக்கி வைத்தால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராதென்பது சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பு. குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை என்பது குறையானால் அதற்குத் தனியே மனுப் போடுங்கள். அதற்காகக் குழந்தையின் சோற்றை நிறுத்துவது எந்த ஆண்மையில் சேர்ந்தது?

தாய்மார்களே! பாக்கி விழுந்தால், அது கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூலுக்கு மனுப் போடாவிட்டால் வாரண்டு மூலம் வசூலிக்கும் வழி அடைபட்டுப் போகும். “மானம், மானம்” என்று வீட்டிலிருந்தால் நஷ்டப்படுவது குழந்தையே. ஆகவே வெட்கப்படாமல் மனுப் போடுங்கள். வாய்தா தவறாமல் போங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெற்ற பிள்ளைக்காகக் கோர்ட்டுப் படியேறுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. பெற்றுவிட்டுச் சோறு போடாதவனுக்குத்தான் மானக்கேடு.