தணிகை அடிவாரத்தில் தூக்கிய அரிவாள்

சினந்தணிந்த மலை என்பதனாலேயே அது தணிகை. சூரனொடு பொருத முருகன் செருவின் வெம்மை ஆறி அமர்ந்த குன்றம் எனத் தமிழ் முன்னோர் அதனைப் போற்றினர். அக்குன்றின் அடியில், 2025 திசம்பர் இறுதியில், பதினேழு அகவைச் சிறுவர் நால்வர், பிழைப்புத் தேடி வந்த வேற்று மாநிலத்து இளைஞன் ஒருவனை அரிவாளால் வெட்டினர்.

பணத்தைப் பறிக்க வெட்டவில்லை. பழம்பகையும் இல்லை. சென்னையினின்று திருத்தணி செல்லும் மின்தொடர்வண்டியில் அவன்மீது அரிவாளை நீட்டிப் படவரியில் ஏற்றுதற்கெனக் குறுங்காணொளி எடுத்தனர், அவன் மறுத்துரைத்தான். அதன் பின்னர்த் திருத்தணி நிலையத்தருகே கொண்டுசென்று வெட்டி, அதனையும் படமாக்கிப் பரப்பினர். முகமறியாதோர் இடும் விருப்பக்குறிக்காக ஒருவன் குருதி சிந்தினான். அரிவாளைக் காட்டிலும் கைப்பேசியே அங்கு முதற் கருவி!

செய்தி வடபுலம் எங்கும் பரவிற்று. வடவர்மேல் தமிழர் கொண்ட வெறுப்பே இதன் கரணியம் எனப் பலர் முழங்கினர். அக்கரணியத்தால் நிகழ்ந்ததன்று எனக் காவல்துறை விளக்கியது. விளக்கத்தைக் கேட்டவர் எத்துணைப் பேர்? காணொளியைக் கண்டவர் எத்துணைப் பேர்?

2023 மார்ச்சில் நிகழ்ந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. எங்கெங்கோ எவர்க்கோ நேர்ந்த சண்டைகளை எடுத்துத் தமிழர் தலையில் சுமத்தினர். பீகாரினின்று அரசுக் குழுவே வந்து பார்த்துச் சென்றது. அன்று தமிழர் கொண்ட சினம் அறச்சினம். இன்றோ, அன்று பொய்யாகப் புனைந்ததை நான்கு தமிழ்ச் சிறுவர் மெய்யாகவே செய்து, தம் கையாலேயே படமெடுத்துப் பழிப்பார்க்குச் சான்றாக வழங்கிவிட்டனர்.

சிறுவரை மட்டும் குறைகூறித் தப்பிவிடல் ஆகாது. தம்மைத் தமிழ்ப்பற்றாளர் எனச் சொல்லிக்கொள்வோர் சிலரின் முகநூற் பக்கங்களையும் புலனக் குழுக்களையும் பார்த்தால் வெட்கம் உண்டாகிறது. வந்தேறும் கூட்டத்தை வரையறுக்க உள்நுழைவு இசைவுமுறை வேண்டும் என்பது அரசை நோக்கிய வேண்டுகை, அதற்குக் கரணியங்கள் உண்டு, வாதிடலாம். செங்கற் சுமந்து கூலி பெறும் ஏழையின் முகத்தைப் படமெடுத்து இழிசொல் எழுதிப் பகிர்வது எவ்வகைத் தமிழ்த்தொண்டு? எழுதுவோன் பெயரைக்கூட மறைத்துக்கொண்டு செய்யும் தொண்டு அது!

வடவெல்லை மீட்கப் போராடியோர் இவ்வாறு செய்யவில்லை. மங்கலங்கிழார் ஊர்தோறும் சென்று தமிழ் கற்பித்தார். ம.பொ.சி. மேடையில் நின்று தம் பெயரால் பேசினார். பேசியதற்குச் சிறை சென்றார். திருத்தணி 1960 ஏப்பிரல் முதல்நாள் தமிழகத்தொடு சேர்ந்தது. வேங்கடம் கிட்டவில்லை, அந்த வலி இன்றும் உண்டு. எனினும் தெலுங்கு பேசும் ஏழை எவனையும் அடித்து அப்போராட்டம் வளரவில்லை.

ஆராயாமல் பகிர்ந்த சொல் என்ன செய்யும் என்பதற்குத் தொலைவு செல்ல வேண்டா. பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்னும் புரளி 2018-இல் புலனத்தில் ஓடியது. அவ்வாண்டு மே திங்களில் போளூர் அருகே, குலக்கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகட்குத் தின்பண்டம் கொடுத்த சென்னை மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். திருத்தணி அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டில், மற்றோர் உயிரும் அவ்வாறே போயிற்று. கொன்றோரும் தமிழர், அம்மூதாட்டியும் தமிழச்சி. அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஐவர்க்குமேல் ஒருங்கே அனுப்ப இயலாதவாறு புலன நிறுவனமே இந்தியாவில் தடையிட்டது. உள்ளம் இட வேண்டிய தாழை எந்திரம் இட்டது!

2016 செபுதம்பரில் காவிரிச் சிக்கலின்போது, முகநூலில் எழுதியதற்காகத் தமிழ் மாணவர் ஒருவர் பெங்களூரில் தாக்கப்பட்டார், காணொளி பரவிற்று. இராமேசுவரத்தில் கன்னட ஓட்டுநர் ஒருவர் அறையப்பட்டார், அதுவும் பரவிற்று. அடுத்துப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் நாற்பதுக்குமேல் எரிந்தன. அந்நகரில் வாழும் எளிய தமிழர் கதவடைத்து நடுங்கியிருந்தனர். இங்கிருந்து வீரவுரை எழுதிப் பகிர்ந்தோர்க்கு ஒரு கீறலும் இல்லை.

ஆகவே, பகிருமுன் மூன்று கேள்வி போதும்: எங்கே நிகழ்ந்தது, எப்போது நிகழ்ந்தது, எவர் பொறுப்பேற்றுச் சொல்கிறார்? விடையில்லையெனில் அச்செய்தி தம் கையோடு நிற்கட்டும். வன்கொடுமைக் காட்சி கண்டால் காவல்துறைக்கு அனுப்புவது கடமை; குழுவுக்கு அனுப்புவது அவ்வெறியர் வேண்டிய புகழை வழங்குவது. தமிழ் மன்றங்கள் திருத்தணி, அரக்கோணப் பள்ளிகளுக்குச் சென்று மாணவரிடம் இதனைப் பேச வேண்டும். மங்கலங்கிழார் நடந்த ஊர்கள்தாம் அவை.

திருத்தணியினின்று திருப்பதி சில மணிப் பயணமே. அதன் அருகே சேசாசலக் காட்டில், 2015 ஏப்பிரல் 7-இல், தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபதின்மர் ஆந்திரக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூலிக்காக எல்லை கடந்து சென்ற ஏழையர் அவர்.